தெருவிளக்கு யார் காசில் எரிகிறது?

கலிபோர்னியாவின் பல ஊர்களில் வீட்டுக்காரருக்கு வரும் சொத்துவரி ரசீதில், வழக்கமான வரித்தொகைக்குக் கீழே சில சின்னத் தொகைகள் தனித்தனியாக அச்சாகியிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு 'லேண்ட்ஸ்கேப்பிங் அண்ட் லைட்டிங்' என்று பெயர். அந்த வட்டாரத்துத் தெருவிளக்குகளை எரியவைக்க, சாலை நடுவிலுள்ள செடிகளுக்கும் ஓரத்து மரங்களுக்கும் தண்ணீர் விட, கிளை வெட்ட, சிறு பூங்காக்களைப் பராமரிக்க ஆகும் செலவை, அந்த வட்டாரத்தில் நிலமோ வீடோ வைத்திருப்பவர்களிடமே பங்கு போட்டு வாங்கும் தொகை அது. அங்கே இதை அசெஸ்மென்ட் என்கிறார்கள். நம் ஊரில் அசெஸ்மென்ட் என்றால் வீட்டுவரிக் கணக்கு எண்தான் நினைவுக்கு வரும். அங்கே பொருள் வேறு. வரி என்பது எல்லோரும் பொதுப்பெட்டியில் போடுவது; பெட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கும் எடுக்கலாம். அசெஸ்மென்ட் என்பது ஒரு தெருவுக்கு ஆன செலவை அந்தத் தெரு நிலங்களின் மேலேயே எழுதுவது. இந்தக் கட்டுரையில் அதைத் தனிக்கட்டணம் என்றே அழைப்போம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் படிப்பு வட்டத்தில் இதைப் பேசியபோது மாணவத் தோழர்கள் பலர் உடனே சொன்ன பதிலும் அதுதான்: யார் வாசலில் விளக்கு எரிகிறதோ அவர் கொடுக்கட்டும், அதிலென்ன தவறு? தவறு எங்கே என்று பார்க்க, அந்த நிலம் யார் கைக்கு எப்படி வந்தது, யார் கைக்கு வராமல் தடுக்கப்பட்டது என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க வரலாற்றில் இதற்கு விடை தேடினால் விளக்குக் கம்பத்துக்கும் நிறவெறிக்கும் இருக்கும் தொடர்பு கண்ணில் படுகிறது.

கறுப்பின மக்களின் வரலாற்றை நாம் படிப்பது புதிதல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் அனுப்பிய மனுவின் பிரதியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபோது பெயரே பிளாக் பேந்தர்ஸிடமிருந்து வந்தது. அதே 1972இல்தான் கலிபோர்னியா 'லேண்ட்ஸ்கேப்பிங் அண்ட் லைட்டிங் சட்டத்தை' நிறைவேற்றியது. அதே ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் இன்னொரு மூலையில், ஒரு சிற்றூரின் தெருவிளக்குகளைப் பற்றிய ஒரு பெரிய தீர்ப்பும் உறுதியானது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு. நாம் சேர்த்துப் படிப்போம்.

முதலில் தனிக்கட்டணத்தின் பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இது அமெரிக்காவில் காலனி ஆட்சிக் காலத்திலேயே இருந்த முறை. 19ஆம் நூற்றாண்டில் நகரங்கள் பெருத்தபோது பரவலானது. தெருவைப் பார்த்தபடி உன் மனைக்கு எத்தனை அடி முகப்பு இருக்கிறதோ அத்தனை அடிக்குக் கணக்குப் போட்டு, கல் பாவும் செலவை உன் தலையில் வைப்பார்கள். சிகாகோ நகரத்தைப் பற்றி வரலாற்றாய்வாளர் ராபின் ஐன்ஹார்ன் விரிவாக எழுதியிருக்கிறார். 1833 முதல் 1872 வரையான சிகாகோவை ஆராயும் அந்த நூலின்படி, தெரு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தத் தெருவின் நில உரிமையாளர்களே முடிவு செய்தார்கள், அவர்களே செலவும் செய்தார்கள். நகரம் என்பது துண்டு துண்டான சொத்துகளின் தொகுப்பாக இருந்தது. தெருவில் குடியிருந்த கூலித் தொழிலாளிக்கு அந்தத் துண்டில் குரல் கிடையாது. சொத்து இருந்தவரே 'மக்கள்'. பிற்பாடு வந்த எல்லாவற்றுக்கும் இந்த இலக்கணமே அடித்தளம்.

இனி தெற்கு மாநிலங்களுக்குப் போவோம். மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதி பருத்தி நிலம். அங்கே பொலிவர் மாவட்டத்தில் ஷா என்று ஒரு சிற்றூர். வழக்கு நடந்த காலத்தில் மக்கள்தொகை சுமார் 2,500. அதில் 1,500 பேர் கறுப்பர், 1,000 பேர் வெள்ளையர். 1965இல் பருத்தித் தோட்டக் கூலிகள் மிசிசிப்பி விடுதலைத் தொழிலாளர் சங்கத்தை இந்த ஊரில்தான் தொடங்கினார்கள். நாள் முழுக்க வெயிலில் களை கொத்தினால் கிடைத்தது சுமார் 3 டாலர். அவர்கள் கேட்டது மணிக்கு 1 டாலர் 25 சென்ட். இந்தத் தொகைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'விளக்கு வேண்டுமானால் உன் பங்கைக் கொடு' என்று ஒருவரிடம் சொல்லும்போது, அவருடைய கூலி என்ன என்பதும் கணக்கில் சேரவேண்டும்.

ஷாவில் வெள்ளையர் தெருக்கள் தார் போட்டிருந்தன. தார் போடாத தெருக்களைப் பார்த்து நின்ற வீடுகளில் ஏறத்தாழ 98 விழுக்காடு கறுப்பர் வீடுகள். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் 97 விழுக்காடு கறுப்பர் பகுதிகளில் இருந்தன. ஊர் நிர்வாகம் புதிதாக மெர்க்குரி விளக்குகள் வாங்கியிருந்தது. அவற்றில் ஒன்றுகூடத் தவறாமல் அத்தனையும் வெள்ளையர் பகுதிகளில் பொருத்தப்பட்டிருந்தன. கறுப்பர் தெருக்களுக்கு மூடியில்லாத குண்டு பல்பு. மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாயின் அளவு, தீயணைப்புக் குழாய் என்று எதை எடுத்தாலும் இதே கதை.

ஆண்ட்ரூ ஹாக்கின்ஸ் என்ற கறுப்பினத்தவரும் அவருடைய ஊர்க்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். என்.ஏ.ஏ.சி.பி.யின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தின் வழக்குரைஞர்கள் துணை நின்றார்கள். இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு வேலை உண்டு. 'எங்கள் தெரு இருட்டாக இருக்கிறது' என்று பிரமாணப் பத்திரம் எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. யேல் ராபின் என்ற நகரத் திட்டமிடல் வல்லுநர் ஊரைக் கணக்கெடுத்தார். எந்த வீட்டில் யார், எந்த வீட்டின் முன் எந்தச் சாலை, எந்தக் கம்பத்தில் எந்த விளக்கு என்று அது பதிவானது. மேலே நாம் சொன்ன 98, 97 என்ற எண்கள் எல்லாம் அப்படிப்பட்ட கணக்கிலிருந்து நீதிமன்றப் பதிவுக்குள் வந்தவை. சமூகவியல் படிக்கும் தோழர்கள் கள ஆய்வு என்றால் மதிப்பெண்ணுக்கான அறிக்கை என்று நினைக்கிறார்கள். ஒரு நகராட்சியைக் கூண்டில் ஏற்றும் கள ஆய்வு இப்படி இருக்கும்.

1969இல் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. போக்குவரத்து அதிகமுள்ள சாலை, கடைத்தெரு, நெடுஞ்சாலை ஆகியவற்றுக்கு முதலிடம் தந்தோம், நிறத்தைப் பார்க்கவில்லை என்பது ஊர் நிர்வாகத்தின் வாதம். நமக்கு நன்கு பழக்கப்பட்ட வாதம்தான்: 'சாதி பார்க்கவில்லை, பேருந்து போகும் சாலைக்கு முதலில் போட்டோம்.' பேருந்து ஏன் அந்தப் பக்கமே போகிறது என்பதை யாரும் கேட்கக்கூடாது! 1971 ஜனவரியில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி எல்பர்ட் டட்டில் அதைக் கேட்டார். தேவை அதிகமுள்ள தெருக்கள் எல்லாம் ஒரே நிறத்தவர் பகுதியில் இருப்பது எப்படி? ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்று அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒன்று உண்டு. நாம் சேரி, காலனி என்று சொல்வதைப்போல. தீர்ப்பின் தொடக்கமே அந்தச் சொல்லைச் சுற்றித்தான். ஊரின் உள்நோக்கம் என்ன என்று தோண்டத் தேவையில்லை, விளைவே பாகுபாடுதான், சமன் செய்யத் திட்டம் கொடுங்கள் என்றது நீதிமன்றம். 1972 மார்ச்சில் முழு அமர்வும் அதை உறுதிசெய்தது.

இந்த வெற்றிக்கு ஒரு மறைவான காரணம் இருக்கிறது. ஷாவில் விளக்கும் சாலையும் பொதுநிதியிலிருந்து போடப்பட்டவை. பொதுப்பெட்டியில் எல்லோரும் போட்டார்கள், எடுத்தது ஒரு பக்கத்துக்கு மட்டும். ஆகவே 'ஏன்?' என்று கேட்க முடிந்தது.

கேட்க முடியாமல் போன ஊரும் ஒன்று உண்டு. அலபாமா மாநிலத்தில் பிராட்வில். ஷா தீர்ப்புக்கு ஓராண்டுக்கு முன், 1970இல், அங்குள்ள கறுப்பின மக்களின் வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன். சாதாரண ஆள் இல்லை. மான்ட்கொமரி பேருந்துகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்த அமர்வில் இருந்தவர். 1965இல் செல்மாவிலிருந்து மான்ட்கொமரிக்கு மார்ட்டின் லூதர் கிங் நடத்திய பேரணிக்கு அனுமதி தந்தவர். அந்த நீதிபதியே பிராட்வில் பூங்காக்களில் பாகுபாடு இருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று ஆணையிட்டார். சாலைக்கும் சாக்கடைக்கும் வந்தபோது மட்டும் கைவிரித்தார். காரணம் எளிது. பிராட்வில்லில் சாலையும் சாக்கடையும் தனிக்கட்டண முறையில் போடப்பட்டவை. சாலையோர நில உரிமையாளர்கள் கொடுக்க முன்வந்தால் தார் வரும், இல்லையென்றால் வராது. கறுப்பர் தெருக்களில் தார் இல்லை என்றால் அது நிலக்காரரின் பணவசதியையும் விருப்பத்தையும் பொறுத்தது, நகரத்தின் பாகுபாடு அல்ல என்று முடித்துவிட்டார்.

தோழர்கள் இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருட்டும் சேறும் இரண்டிலும் ஒன்றுதான், அதில் நடந்த மக்களும் ஒரே மக்கள்தான். காசு எந்த வழியாக வந்தது என்பது மட்டும் வேறு. பொதுநிதி ஊரில் அதன் பெயர் பாகுபாடு. தனிக்கட்டண ஊரில் அதே இருட்டின் பெயர் 'விருப்பமின்மை'. நாள்கூலி 3 டாலர் வாங்குகிறவரின் விருப்பமின்மை! அவர் குடியிருக்கும் வீடு பெரும்பாலும் அவருடையதாகவும் இருக்காது. வீட்டின் சொந்தக்காரர் வேறு தெருவில், நல்ல வெளிச்சத்தில் இருப்பார்.

பொதுநிதி என்றால் பாகுபாடு இராது என்று நாம் சொல்ல வரவில்லை. ஷாவே அதற்குச் சாட்சி. ஃபுளோரிடாவில் அபாப்கா என்ற ஊர் கறுப்பர்கள் தண்டவாளத்துக்குத் தெற்கேதான் குடியிருக்க வேண்டும் என்று 1937இல் போட்ட உள்ளூர்ச் சட்டத்தை 1968 வரை வைத்திருந்தது. சாலை, குடிநீர், மழைநீர் வடிகால் எல்லாவற்றிலும் அங்கே காட்டப்பட்ட பாகுபாட்டை 1983இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் அங்கேயும் பொதுப்பணம் எங்கே போனது என்ற கேள்வியைக் கேட்க இடம் இருந்தது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இடத்தைத்தான். அது நிரந்தரமானதும் அல்ல. 1976இல் வாஷிங்டன் எதிர் டேவிஸ் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், விளைவு மட்டும் போதாது, பாகுபாடு காட்டும் உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்றது. ஷா தீர்ப்பின் பெயரைச் சொல்லியே அதன் வழியிலிருந்து விலகியது. அபாப்கா மக்கள் 1983இல் உள்நோக்கத்தையும் சேர்த்து நிரூபித்துத்தான் வென்றார்கள்.

இப்போது மேற்கே கலிபோர்னியாவுக்கு வருவோம். அங்கே தெற்கைப்போல வெளிப்படையான நிறப்பிரிவினைச் சட்டங்கள் இல்லை என்று பெருமை பேசுவார்கள். 1963இல் அந்த மாநிலம், நிறத்தைக் காரணம் காட்டி வீடு மறுக்கக்கூடாது என்று ரம்ஃபோர்டு சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 1964 நவம்பரில், 14ஆம் எண் முன்மொழிவு என்ற பெயரில் பொதுவாக்கெடுப்பு நடத்தி ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் அதை முடக்கினார்கள். என் சொத்தை யாருக்கு விற்பது, யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது என் உரிமை என்பது அந்த வாக்கின் பொருள். 1967இல் உச்சநீதிமன்றம் அந்த முன்மொழிவைச் செல்லாது என்றது. வாக்களித்த மனம் எங்கே போகும்?

1978 ஜூன் 6 அன்று ஹோவர்டு ஜார்விஸ், பால் கான் ஆகியோரின் 13ஆம் எண் முன்மொழிவு வந்தது. அதற்கும் ஏறத்தாழ 65 விழுக்காடு. சொத்துவரி மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது; சொத்து கைமாறும்வரை வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது; புதிய சிறப்பு வரி வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். விலைவாசியால் வீட்டு மதிப்பு ஏறி, ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள் வரிகட்ட முடியாமல் தவித்தது உண்மை. அதை மறைக்க வேண்டாம். அந்தத் தவிப்புக்கு வேறு மருந்துகளும் இருந்தன. தேர்ந்தெடுத்த மருந்து, சொத்துவரி வருமானத்தைப் பாதிக்கும் மேலாக வெட்டியது. முன்னரே வீடு வாங்கியிருந்தவருக்கு அது பெருலாபம். 1968க்கு முன்வரை நிறத்தின் பெயரால் வீடு வாங்கவிடாமல் தடுக்கப்பட்டவர் தாமதமாக வந்து வாங்கும்போது அதிக வரி. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே கிடையாது.

பொதுப்பெட்டி சுருங்கியதும், 1972 சட்டம் நகரங்களுக்குக் கைகொடுத்தது. தனிக்கட்டணம் 'வரி' அல்லவே, ஆகவே 13ஆம் முன்மொழிவு அதைக் கட்டுப்படுத்தாது! நகர மன்றம் ஒரு வட்டாரத்தை வரையறுக்கும், பொறியாளர் அறிக்கை தயாரிப்பார், கூட்டம் நடத்தி ஆட்சேபணை கேட்பார்கள், தீர்மானம் போடுவார்கள், ரசீதில் தொகை ஏறிவிடும். விளக்கும் மரமும் பூங்காவும் பொதுக் கணக்கிலிருந்து மெல்ல மெல்ல இந்தக் கணக்குக்கு மாறின. ஓர்லாண்டு என்ற சிற்றூரில் பூங்காப் பராமரிப்புக்கு இப்படிக் கட்டணம் போட்டதை எதிர்த்த வழக்கில், இது வரி அல்ல என்று 1992இல் மாநில உச்சநீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஜார்விஸின் பெயரில் இயங்கிய வரி எதிர்ப்புச் சங்கம் சும்மா இருக்குமா? 1996 நவம்பரில் 218ஆம் எண் முன்மொழிவைக் கொண்டுவந்து வென்றது.

இந்த 218இன் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பது மிகவும் பயனுள்ளது. முதலாவது, ஒவ்வொரு நிலத்துக்கும் கிடைக்கும் 'சிறப்பு நன்மை' எவ்வளவு, ஊருக்கே கிடைக்கும் 'பொது நன்மை' எவ்வளவு என்று பொறியாளர் பிரித்துக் காட்ட வேண்டும். சிறப்பு நன்மைக்கு மட்டுமே கட்டணம் வாங்கலாம். இரவு வேலை முடிந்து அந்த வெளிச்சத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் துப்புரவுப் பெண் தொழிலாளிக்குக் கிடைப்பது பொது நன்மை. அதற்கான காசு வெட்டப்பட்ட பொதுப்பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். இரண்டாவது, வாக்குச்சீட்டு நில உரிமையாளருக்குத்தான் தபாலில் போகும். கட்டணத்தை நேரடியாகச் செலுத்தும் பொறுப்புள்ள குத்தகைதாரர் தவிர, சாதாரண வாடகைக் குடித்தனக்காரருக்குச் சீட்டு இல்லை. வாடகையில் அந்தக் கட்டணமும் சேர்ந்தே வந்தாலும் இல்லை. மூன்றாவது, வாக்குக்கு எடை உண்டு. நீ கட்டவேண்டிய தொகை எவ்வளவோ அவ்வளவு எடை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம்: ஒரு வட்டாரத்தில் 50 சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 40 டாலர், ஒரு வணிக வளாகம், அதற்கு 2,500 டாலர். 50 வீடுகளும் சேர்ந்து 'வேண்டும்' என்றால் 2,000. வளாகம் 'வேண்டாம்' என்றால் 2,500. விளக்கு வராது. அந்த 50 வீடுகளிலும் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் எண்ணிக்கையிலேயே வரமாட்டார்கள்.

ஒரு மனிதர், ஒரு வாக்கு, ஒரு மதிப்பு என்று அண்ணல் அரசியல் நிர்ணய சபையில் வலியுறுத்தியதை வாசித்து வளர்ந்தவர்கள் நாம். டாலருக்கு ஒரு வாக்கு என்பதை ஒரு மாநிலத்தின் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் வட்டத்தில் சொன்னபோது ஒரு தம்பி நம்பவில்லை. 218 இருப்பது கலிபோர்னியா அரசமைப்பின் 13-சி, 13-டி பிரிவுகளில். எடுத்துப் படியுங்கள்.

விளைவு எப்படி? நகரத்தின் விளிம்பில் ஒரு கட்டுமான நிறுவனம் வெறும் நிலத்தை வாங்கி மனை போடும்போது, அந்த வட்டாரத்தில் நில உரிமையாளர் அந்த நிறுவனம் ஒன்றுதான். ஒரே வாக்காளர், ஒரே வாக்கு, 'வேண்டும்'. வீடு வாங்குகிறவர்கள் வரும்போதே விளக்கும் புல்வெளியும் கட்டணமும் தயாராக இருக்கும். பழைய, ஏழைத் தெருக்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் சீட்டு அனுப்பி, எண்ணி, வென்றாக வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் இருக்கின்றன. பெரும்பகுதிக்கு வாங்கப்படும் கட்டண விகிதம் 1996இலேயே உறைந்துபோய் நின்றது. மின்சாரக் கட்டணமும் ஊழியர் சம்பளமும் உறையவில்லை. செப்புக் கம்பித் திருட்டால் விளக்குகள் அணையும்போது பழுதுபார்க்கக் காசு போதாமல் தெருக்கள் மாதக்கணக்கில் இருட்டில் கிடக்கின்றன. அந்த நகரத்தில் பாதிக்கும் மேற்பட்ட மக்கள் வாடகைக்கு இருப்பவர்கள். கட்டணத்தை உயர்த்துவதா என்று கேட்டால் சீட்டு அவர்களுக்குப் போகாது. இருட்டு மட்டும் அவர்களுக்கும் போகும்.

தனிக்கட்டணத்தை ஆதரிப்பவர்களின் நல்ல வாதம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பொதுப்பெட்டியில் போட்ட காசு பணக்காரத் தெருவுக்குத்தானே போகிறது, நம் தெருக் காசு நம் தெருவிலேயே நின்றால் கணக்காவது கேட்கலாமே என்பது அது. சொந்த வீடுள்ள உழைக்கும் மக்கள் சேர்ந்து வாழும் சில பகுதிகளில் இது உண்மையிலேயே பயன்படலாம். ஆனால் கட்டணம் கட்டத் தவறினால் அது நிலத்தின் மேல் கடனாக ஏறும், முடிவில் நிலமே விற்பனைக்குப் போகலாம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வரிபாக்கியைக் காரணம் காட்டிக் கறுப்பின மக்களின் நிலங்கள் ஏலத்தில் பறிக்கப்பட்ட நீண்ட வரலாற்றை ஆண்ட்ரூ கார்ல் 2024இல் வெளியிட்ட 'தி பிளாக் டாக்ஸ்' நூலில் தொகுத்திருக்கிறார். கூடுதலாக மதிப்பிடப்பட்ட வரியைக் கட்டியும் சாலையோ விளக்கோ பெறாத மக்கள் அவர்கள். வாங்குவதில் முதலிடம், கொடுப்பதில் கடைசி இடம். நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம் பக்கம் நிலைமை வேறு. தெரு வாரியாக நிலக்காரரிடம் வாக்கெடுத்து விளக்குப் போடும் சட்டம் இங்கே இல்லை. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் சொத்துவரியின் ஒரு கூறாக விளக்கு வரி இருந்தது. ஊராட்சிகளில் தெருவிளக்கு மின்கட்டணம் ஊராட்சிக் கணக்கிலிருந்து போகிறது. அதாவது நாம் ஷாவின் பக்கம் நிற்கிறோம், பிராட்வில் பக்கம் அல்ல. ஊர்த்தெருவில் எல்.இ.டி., காலனியில் ட்யூப்லைட், அதுவும் எரியாது என்றால் 'ஏன்?' என்று கேட்க நமக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் பிராட்வில்லை நோக்கிச் செல்லும் வாசல்கள் திறந்துகொண்டுதான் இருக்கின்றன. 1997இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டம், இடையில் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறி, 2021இல் மீண்டும் பழைய பெயருக்கே வந்தது. மக்கள் தங்கள் பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். பொதுவாக மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு ஐந்தில் ஒன்று. சலுகை நல்லதுதான். ஆனால் அந்த ஐந்தில் ஒன்றையும் திரட்டி, விண்ணப்பம் எழுதி, அலுவலகம் அலைவதற்கு யாரிடம் காசும் பொழுதும் இருக்கிறது? காலனிக்கு வேலை வராமல் போனால் நாளை நமக்குக் கிடைக்கப்போகும் பதில், 'உங்கள் பக்கத்திலிருந்து யாரும் பங்கு கட்ட முன்வரவில்லையே' என்பதாக இருக்கும். ஃபிராங்க் ஜான்சனைப் போன்ற நல்ல நீதிபதியையே வாயடைக்க வைத்த பதில் அது.

எங்கள் குழு இந்த ஆண்டு களப்பணி செய்யும் ஊராட்சிகளில் ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறது. ஊர், காலனி இரண்டிலும் கம்பங்களை எண்ணுகிறோம். கம்ப எண், விளக்கின் வகை, எரிகிறதா, பக்கத்துக் கம்பத்துக்கு எத்தனை அடி, முன்னால் எத்தனை வீடு என்று ஐந்தே பத்திகள் கொண்ட ஒரு தாள். இரவு 7 மணிக்குப் போனால் ஒரு ஊராட்சியை இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தெருவிளக்குப் பதிவேட்டின் நகலையும், 'நமக்கு நாமே' திட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் எந்தத் தெருக்களுக்கு என்ற பட்டியலையும் கேட்டிருக்கிறோம். எண்ணி முடித்த தாள்களை அக்டோபர் 2 கிராமசபையில் வைக்கப்போகிறோம். உங்கள் ஊரிலும் செய்ய விரும்பும் தோழர்கள் அந்தத் தாளின் மாதிரியை எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.